அலை வந்த ஞாயிறு

பினாங்குத் தீவின் தென்கிழக்கு மூலையில் பாயான் லெப்பாஸ் இருக்கிறது. விமான நிலையத்தாலும் தொழிற்சாலைகளாலும் பலருக்கும் தெரிந்த ஊர். அங்கிருந்து தெலுக் கும்பார் வழியாகச் செல்லும் சாலை குன்றுகளின் மேல் ஏறி, வளைந்து வளைந்து இறங்கி, பாலிக் புலாவ் வட்டாரத்தை அடையும். ‘பாலிக் புலாவ்’ என்றால் மலாய் மொழியில் தீவின் மறுபுறம் என்று பொருள். பாயான் லெப்பாஸின் கிழக்குக் கரை நிலப்பகுதியைப் பார்த்து நிற்கிறது. மறுபுறத்துக் கரையோ திறந்த கடலைப் பார்த்து நிற்கிறது. பூலாவ் பெத்தோங், பாசிர் பாஞ்சாங் முதலிய மீனவ ஊர்களும் கடற்கரைகளும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை. முந்திய நாள் கிறிஸ்துமஸ். ஆண்டிறுதிப் பள்ளி விடுமுறை முடிய இன்னும் சில நாள்களே இருந்தன. விடுமுறை ஞாயிற்றைக் கடற்கரையில் கழிக்கலாம் என்று பல குடும்பங்கள் எண்ணியதில் வியப்பில்லை.

அன்று காலை ஒன்பது மணியை நெருங்கும்போது பினாங்கின் உயரமான அடுக்குமாடிகளில் ஓர் அசைவு தெரிந்தது. தொங்கும் விளக்குகள் ஆடின. பலர் படிகளில் இறங்கிக் கீழே வந்து நின்றார்கள். சற்று நேரத்தில் அசைவு நின்றது. கட்டடம் எதுவும் இடிந்து விழவில்லை. மலேசியாவில் நிலநடுக்கம் என்பது வேறு எங்கோ நடப்பதன் மெல்லிய எதிரொலி என்பதே அதுவரை மக்களின் அனுபவம். அவர்கள் மீண்டும் வீட்டுக்குள் சென்றார்கள். ஞாயிற்றுக்கிழமை தன் போக்கில் நகரத் தொடங்கியது.

அந்த நேரத்தில் விளையாட்டு இரசிகர்களுக்கும் வேலை இருந்தது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கிறிஸ்துமசுக்கு மறுநாள் டெஸ்ட் கிரிக்கெட் ஆட்டம் தொடங்குவது நெடுநாள் வழக்கம். அவ்வாண்டு ஆஸ்திரேலியாவும் பாகிஸ்தானும் மோதின. பினாங்கில் கட்டடங்கள் அசைந்தபோது மெல்பர்னில் நேரம் நண்பகலை எட்டிக்கொண்டிருந்தது. ஆட்டம் தொடங்கிச் சிறிது நேரமே ஆகியிருந்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில் அதே நாளில் இலங்கை அணி நியூசிலாந்துடன் ஒருநாள் ஆட்டம் ஆடியது. வங்காளதேசத்தின் டாக்காவில் இந்திய அணி இன்னோர் ஒருநாள் ஆட்டத்தில் இறங்கியது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இங்கிலாந்து அணி டெஸ்ட் ஆட்டம் ஒன்றைத் தொடங்க இருந்தது. இவற்றுள் எந்த ஆட்டத்தின் ஓட்ட எண்ணிக்கையையும் உலகின் எந்த மூலையிலிருந்தும் உடனுக்குடன் அறிந்துகொள்ளும் வசதி அன்றே வந்துவிட்டது. மெல்பர்னில் பந்து மட்டையில் படுவதை, சில நொடிகளில் துணைக்கோள் வழியாக ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் பார்க்க முடிந்தது.

அதே காலையில் கடலுக்கு அடியிலிருந்து வேறொன்று புறப்பட்டிருந்தது. அதைப் பற்றிய செய்தி யாரையும் எட்டவில்லை.

மலேசிய நேரப்படி காலை 8.58 மணிக்குச் சுமத்ராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்தது. இந்திய–ஆஸ்திரேலியப் புவித்தட்டு, சுமத்ரா அமைந்திருக்கும் தட்டின் அடியில் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் என்ற கணக்கில் நுழைந்துகொண்டே இருக்கிறது. இரண்டு தட்டுகளும் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும் இடங்களில் அழுத்தம் நூற்றாண்டுக் கணக்கில் சேரும். சேர்ந்த அழுத்தம் அன்று ஒரே மூச்சில் விடுபட்டது. பிளவு சுமத்ராவிலிருந்து அந்தமான் தீவுகள் வரை 1,200 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. கடல்தளத்தின் ஒரு பகுதி சட்டென்று மேலெழும்பியபோது, அதன்மேல் நின்ற நீர் முழுவதும் சேர்ந்தே எழும்பியது. அந்த நீர் சமநிலையைத் தேடி எல்லாத் திசைகளிலும் விரைந்தது. அதுவே ஆழிப்பேரலை.

சாதாரண அலை காற்றினால் எழுகிறது. கடலின் மேற்பரப்பு மட்டுமே அதில் அசைகிறது. ஆழிப்பேரலையில் கடலடி முதல் மேற்பரப்பு வரை நீர் முழுவதும் நகரும். அதனால்தான் அதன் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்து அமைகிறது. 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில் பயணம் செய்யும். அது ஒரு விமானத்தின் வேகம். 50 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 80 கிலோமீட்டராகக் குறைந்துவிடும். கரைக்கருகே 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். ஆனால் முன்னால் செல்லும் நீர் வேகம் குறைய, பின்னால் வரும் நீர் அதன்மேல் வந்து குவிகிறது. ஆழ்கடலில் கப்பலில் இருப்பவருக்குத் தெரியாமல் அடியில் கடந்துபோன அலை, கரையில் சுவர்போல் எழுவது இப்படித்தான்.

நிலநடுக்கத்தின் மையத்திலிருந்து பினாங்குக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 550 கிலோமீட்டர் தூரம். ஆழ்கடலாக இருந்திருந்தால் அலை ஒரு மணி நேரத்திற்குள் வந்திருக்கும். ஆனால் இடையில் சுமத்ரா தீவு மதில்போல் குறுக்கே கிடக்கிறது. அலை அத்தீவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு, ஆழம் குறைந்த மலாக்கா நீரிணைக்குள் நுழைந்து, வேகம் இழந்து ஊர்ந்து வரவேண்டியிருந்தது. அதற்கு நான்கு மணி நேரத்திற்கும் மேல் ஆனது. நான்கு மணி நேரம் என்பது சிறிய அவகாசம் அன்று. பினாங்கின் கடற்கரைகள் அனைத்தையும் காலிசெய்து, சாலைகளை மூடி, படகுகளைப் பாதுகாக்க அது தாராளமாகப் போதும்.

அந்த நான்கு மணி நேரத்தில் இந்தியப் பெருங்கடலின் மற்றக் கரைகளில் நடந்தவற்றை மலேசிய நேரத்தில் வரிசைப்படுத்திப் பார்த்தால்தான் அன்றைய நாளின் கொடுமை முழுமையாக விளங்கும்.

முதலில் ஆச்சே. பண்டா ஆச்சே நகரின் நடுவில் பிளாங் படாங் என்னும் திடல் இருக்கிறது. அன்று காலை அங்கே 10 கிலோமீட்டர் ஓட்டப்போட்டி. ஓடுவோரும் பார்ப்போரும் கூடியிருந்தபோது நிலம் குலுங்கியது. நிற்க முடியாமல் மக்கள் தரையில் அமர்ந்தார்கள். குலுக்கம் அடங்கிய பிறகு, தப்பினோம் என்று மூச்சுவிட்டவர்களுக்குக் கிடைத்த நேரம் ஏறத்தாழ அரைமணிதான். கடல் நகருக்குள் நுழைந்தது. நகரின் தொலைத்தொடர்பு அறுந்துபோனதால், உலகிலேயே மிகப் பெரிய அழிவு நடந்த இடத்திலிருந்து அன்று பகல் முழுவதும் செய்தி வெளியே வரவில்லை.

ஏறத்தாழ 11 மணிக்குத் தாய்லாந்தின் புக்கெட் தீவுக் கடற்கரைகளில் கடல் பின்வாங்கியது. நீருக்கடியில் இருந்த மணலும் பாறையும் வெளியே தெரிந்தன. பலர் வேடிக்கை பார்க்க இறங்கிச் சென்றார்கள். பின்வாங்கிய கடல் திரும்பி வந்தது.

11.30 மணியளவில் அலை வங்காள விரிகுடாவைக் கடந்து இலங்கையையும் தமிழ்நாட்டையும் ஒரே வேளையில் தாக்கியது. இலங்கையின் தென்கோடியில் டச்சுக்காரர் கோட்டைக்கு அருகே காலி கிரிக்கெட் அரங்கம் இருக்கிறது. இரண்டு பக்கமும் கடல் தெரியும் அழகிய அரங்கம் அது. அன்று அங்கே ஆடுவதற்காக இங்கிலாந்தின் ஹாரோ பள்ளி மாணவர் அணி வந்திருந்தது. நீர் அரங்கத்துக்குள் புகுந்தபோது மாணவர்கள் பார்வையாளர் மாடத்தின் மேல்தளத்துக்கு ஏறி உயிர் தப்பினார்கள். சற்றுமுன் ஆடுகளமாக இருந்த இடத்தில் பேருந்துகளும் மரங்களும் மிதந்தன.

சென்னையில் அப்போது காலை ஒன்பது மணி. மெரினா கடற்கரையின் ஞாயிற்றுக்கிழமைக் காலை எப்படி இருக்கும் என்பது அங்குச் சென்றவர்களுக்குத் தெரியும். நடைப்பயிற்சி செய்யும் முதியவர்கள் ஒருபுறம், ரப்பர் பந்தும் மட்டையுமாகக் கிரிக்கெட் ஆடும் சிறுவர்கள் மறுபுறம். மணலில் குச்சிகளை நட்டு, செருப்புகளை எல்லையாக வைத்து, பத்துப் பன்னிரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கும். அலை அவர்கள்மேல்தான் வந்தது. தெற்கே நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஏறத்தாழ 6,000 பேர் மாண்டனர். அவர்களில் பெரும்பாலோர் கரையோர மீனவக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள்.

காலி அரங்கமும் மெரினாவும் நீரில் மூழ்கிய அந்த வேளையில் பினாங்கில் காலை 11.30 மணி. பாசிர் பாஞ்சாங் கடற்கரையில் பாய் விரித்துச் சோற்றுப் பொட்டலங்களைப் பிரிக்கும் நேரம். பத்து ஃபிரிங்கியில் நீர் விளையாட்டுகளுக்கு ஆள் சேரும் நேரம். அலை அவர்களை அடைய இன்னும் ஏறத்தாழ ஒன்றே முக்கால் மணி நேரம் இருந்தது. ஆனால் மெரினாவின் செய்தி பாசிர் பாஞ்சாங்கிற்கு வரவில்லை. வானொலியிலோ தொலைக்காட்சியிலோ நிலநடுக்கம் என்ற செய்தியைக் கேட்டவர்களும், அது தம் காலடி மணலோடு தொடர்புடையது என்று எண்ண வழியில்லை.

இதற்குக் காரணம் அறிவியலின் குறைபாடு என்று சொல்லிவிட முடியாது. பசிபிக் கடலில் ஆழிப்பேரலை அடிக்கடி வருவதால், ஹவாயில் எச்சரிக்கை மையம் ஒன்று 1949ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. நிலநடுக்கம் நிகழ்ந்த 15 நிமிடங்களில் அம்மையம் முதல் அறிக்கையை வெளியிட்டது. பசிபிக் கரைகளுக்கு ஆபத்தில்லை என்று அந்த அறிக்கை கூறியது. நிலநடுக்கத்தின் அளவை முதலில் 8.0 என்றும், ஒரு மணி நேரம் கழித்து 8.5 என்றும் அது கணித்தது. உண்மையான அளவு அதைவிடப் பல மடங்கு பெரிது. அப்படியே சரியாகக் கணித்திருந்தாலும், இந்தியப் பெருங்கடல் நாடுகளுக்குச் செய்தி அனுப்ப ஓர் ஏற்பாடு இருக்கவில்லை. யாரைத் தொலைபேசியில் அழைப்பது? அழைக்கப்பட்டவர் யாரிடம் சொல்வது? அவர் கடற்கரையில் குளிப்பவரிடம் எப்படிச் சொல்வது? இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிகூட அன்று உருவாகியிருக்கவில்லை. விளையாட்டுச் செய்திக்கு அந்தச் சங்கிலி இருந்தது. அதைப் பணம் கொடுத்துக் கட்டியிருந்தார்கள். கேட்கக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள்.

பிற்பகல் ஒன்றேகால் மணியளவில் முதல் அலை பினாங்கைத் தொட்டது.

தீவின் வடக்கிலும் மேற்கிலும் இருந்த கரைகள்தாம் அதிகம் அடிபட்டன. பத்து ஃபிரிங்கி, தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங், கர்னி டிரைவ் ஆகிய இடங்களில் நீர் சாலைவரை ஏறியது. மேற்கே பூலாவ் பெத்தோங்கிலும் பாசிர் பாஞ்சாங்கிலும் அலை சில இடங்களில் மூன்று, நான்கு மீட்டர் உயரம்வரை எழுந்தது. ஆச்சேயில் எழுந்த அலையோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் முழங்கால் அளவு நீரில் விளையாடும் குழந்தைக்கு ஒரு மீட்டர் அலையே போதும். நீரின் வேகம் பெரியவர்களையே சாய்த்தது. திரும்பிச் செல்லும்போது கடலுக்குள் இழுத்துச் சென்றது. ஒரே ஓர் அலை வந்து ஓயவுமில்லை. அடுத்தடுத்து வந்தன. முதல் அலை வடிந்ததும் பொருள்களைத் தேடி இறங்கியவர்கள் சிலர் அடுத்த அலையில் சிக்கினார்கள்.

மலேசியாவில் அன்று 68 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 52 பேர் பினாங்கில் இறந்தவர்கள். பெரும்பாலோர் விடுமுறையைக் கழிக்கக் கடற்கரைக்கு வந்தவர்கள். பலர் சிறுவர்கள். நீந்தவும் மணலில் ஓடியாடவும் வந்தவர்கள். மீனவர்கள் படகுகளையும் வலைகளையும் இழந்தார்கள். வடக்கே கெடா மாநிலத்தின் கோத்தா கோலா மூடாவில் வீடுகளும் படகுகளும் சிதைந்தன. சிதைந்த படகுகளைக் கொண்டே அங்கு நினைவுச்சின்னம் ஒன்று பின்னர் எழுப்பப்பட்டது. தீவின் உடல் தடுத்ததால் பாயான் லெப்பாஸின் கிழக்குக் கரை பெரும் தாக்குதலிலிருந்து தப்பியது. குன்றுச் சாலையின் இந்தப் பக்கம் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பக்கம் மணலில் பிள்ளைகளைத் தேடும் பெற்றோர்.

கண்டல் மரங்கள் அடர்ந்து நின்ற கரைகளில் அலையின் வலிமை குறைந்ததை மீனவர்கள் தம் கண்ணால் கண்டார்கள். கண்டலின் பின்னிய வேர்கள் நீரின் வேகத்தை உடைக்கின்றன. அது தூக்கிவரும் மரத்துண்டுகளையும் தடுத்து நிறுத்துகின்றன. பினாங்கின் கரையோர மீனவர் நலச் சங்கத்தினர் அதற்குச் சில ஆண்டுகள் முன்பிருந்தே கண்டல் கன்றுகளை நட்டு வந்தனர். மீனும் இறாலும் குஞ்சு பொரிக்க இடம் வேண்டும் என்பதே அவர்களுடைய நோக்கம். ஆழிப்பேரலைக்குப் பிறகு அந்த நடவுக்குப் பள்ளி மாணவர்களும் கைகொடுக்க வந்தார்கள்.

பினாங்கில் மீட்புப் பணி நடந்துகொண்டிருந்தபோதும் உலகின் ஆட்டங்கள் நிற்கவில்லை. மெல்பர்னில் பாகிஸ்தான் அணித்தலைவர் யூசுப் யூஹானா சதம் அடித்தார். ஆக்லாந்தில் இலங்கை 141 ஓட்டங்களுக்கு ஆட்டமிழந்து தோற்றது. டாக்காவில் வங்காளதேசம் இந்தியாவை 15 ஓட்டங்களில் வென்றது. இந்தியாவுக்கு எதிராக அந்நாடு பெற்ற முதல் வெற்றி அது. வேறொரு நாளாக இருந்தால் மறுநாள் இந்திய நாளேடுகளின் முதல் பக்கத்தில் அதுவே பேசப்பட்டிருக்கும். டர்பன் அரங்கம் இதே இந்தியப் பெருங்கடலின் மறுகரையில், கடலிலிருந்து சிறிது தூரத்தில் இருக்கிறது. அலை அங்குப் போய்ச் சேர்வதற்குள் மிகவும் களைத்துவிட்டது. இங்கிலாந்து அணி அங்கே முதல் நாளிலேயே 139 ஓட்டங்களுக்குச் சுருண்டது. மலேசியாவில் இரவு கவிந்தபோது இங்கிலாந்துப் பிரிமியர் லீக் காற்பந்தாட்டங்கள் தொடங்கின. லிவர்பூல் ஐந்து கோல்கள் போட்டு வென்றது. ஆடியவர்களையும் பார்த்தவர்களையும் குறைகூறுவதற்கில்லை. இறந்தவர்களின் எண்ணிக்கை அன்று சில ஆயிரம் என்றே உலகம் நினைத்தது. அது 14 நாடுகளில் ஏறத்தாழ 230,000 என்று தெரியவரப் பல வாரங்கள் ஆயின.

ஆட்டத்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்னும் கேள்வி அடுத்த நாள்களில்தான் எழுந்தது. அதற்கு வெவ்வேறு அணிகள் வெவ்வேறு விடை கண்டன. நியூசிலாந்தில் இருந்த இலங்கை வீரர்களுக்கு மனம் ஆட்டத்தில் ஒட்டவில்லை. அவர்களுள் சிலர் அடிபட்ட தென்கரை ஊர்களைச் சேர்ந்தவர்கள். பயணம் நிறுத்தப்பட்டு அணி நாடு திரும்பியது. அதே வேளையில் தென்கிழக்காசியக் காற்பந்து வெற்றியாளருக்கான டைகர் கிண்ணப் போட்டி அரையிறுதியை எட்டியிருந்தது. அலை வந்த இரண்டாம் நாள், டிசம்பர் 28இல், இந்தோனேசியாவும் மலேசியாவும் ஜகார்த்தாவில் மோதின. இரண்டுமே துக்கத்தில் இருந்த நாடுகள். மலேசியா 2–1 என வென்றது. லியூ கிட் கோங் இரண்டு கோல்களையும் போட்டார். ஜனவரி 3இல் கோலாலம்பூர் புக்கிட் ஜாலில் அரங்கில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் இந்தோனேசியா 4–1 என வென்று இறுதியாட்டத்துக்குச் சென்றது. ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்காமல் ஆடிய அந்த இரு நாடுகளின் மக்கள்தாம் அதே வாரத்தில் ஆச்சேக்கு உணவும் மருந்தும் அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

இலங்கையின் சுழற்பந்து வீச்சாளர் முத்தையா முரளிதரன் அப்போது தோள் அறுவை சிகிச்சைக்குப் பின் ஓய்வில் இருந்ததால் அணியோடு நியூசிலாந்து செல்லவில்லை. கண்டியில் பிறந்த அந்தத் தமிழர், அலை ஓய்ந்த பிறகு உணவுப் பொருள் ஏற்றிய வாகனங்களோடு பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் சென்று உதவினார். உதவி பெற்றவரின் மொழியையோ மதத்தையோ அவர் பார்க்கவில்லை. உள்நாட்டுப் போரால் பிளவுபட்டிருந்த நாட்டில் அது எளிதாகக் கடந்துபோகக்கூடிய செய்தி அன்று. ஜனவரி 10ஆம் நாள் மெல்பர்னில் உலக அணிக்கும் ஆசிய அணிக்கும் இடையே நிதி திரட்டும் ஆட்டம் நடந்தபோது முரளிதரன் ஆசிய அணியில் ஆடினார். 70,000க்கும் மேற்பட்டோர் பார்க்க வந்தனர். உலக அணி 112 ஓட்டங்களில் வென்றது. ஆனால் அந்த எண்ணை இன்று நினைவில் வைத்திருப்பவர் சிலரே. திரண்ட நிதி 14 மில்லியன் ஆஸ்திரேலிய டாலர் அளவுக்கு இருந்தது.

காலி அரங்கம் மீண்டும் எழ மூன்று ஆண்டுகள் ஆயின. 2007ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் நாள் இங்கிலாந்துக்கு எதிராக அங்கே டெஸ்ட் ஆட்டம் தொடங்கியது. இலங்கை அணித்தலைவர் மகேல ஜெயவர்த்தன ஆட்டமிழக்காமல் 213 ஓட்டங்கள் எடுத்தார். 2010ஆம் ஆண்டு ஜூலையில் முரளிதரன் தம் கடைசி டெஸ்ட் ஆட்டத்தை ஆடியதும் அதே அரங்கில்தான். இந்தியாவின் கடைசி ஆட்டக்காரரை வீழ்த்தி 800ஆவது விக்கெட்டை எடுத்தார். டெஸ்ட் வரலாற்றில் வேறு எவரும் எட்டாத எண்ணிக்கை அது. பேருந்துகள் மிதந்த இடத்தில் அன்று மக்கள் பட்டாசு வெடித்தார்கள். ஆச்சேயின் பிளாங் படாங் திடலைச் சுற்றியும் இப்போது ஓடுபாதை இருக்கிறது. அதன் ஓரமாக, உதவிய நாடுகள் ஒவ்வொன்றின் பெயரையும் அந்தந்த நாட்டு மொழியில் நன்றியையும் பொறித்த சின்னங்களை நிறுத்தியிருக்கிறார்கள். மலேசியாவின் பெயரும் அங்கே உண்டு. காலையில் ஓடுபவர்கள் அவற்றைக் கடந்தபடியே ஓடுகிறார்கள்.

எச்சரிக்கை இல்லாமலே தப்பியவர்களும் அன்று இருந்தார்கள். புக்கெட்டின் ஒரு கடற்கரையில் பத்து வயது இங்கிலாந்து மாணவி ஒருத்தி, கடல்நீர் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரத்துக்கு முன்புதான் அவள் வகுப்பில் புவியியல் பாடத்தில் ஆழிப்பேரலையைப் பற்றிப் படித்திருந்தாள். பெற்றோரை விடாமல் நச்சரித்தாள். அவர்கள் காவலரிடம் சொல்ல, ஏறத்தாழ நூறு பேர் கரையை விட்டு நீங்கினார்கள். அந்தக் கடற்கரையில் ஒருவரும் இறக்கவில்லை. சுமத்ராவுக்கு அருகே நிலநடுக்க மையத்துக்கு மிகப் பக்கத்தில் சிமெலுவே என்னும் தீவு இருக்கிறது. 1907ஆம் ஆண்டில் அங்கே ஓர் ஆழிப்பேரலை பலரைக் கொன்றது. அதை அம்மக்கள் ‘ஸ்மோங்’ என்று அழைத்தார்கள். நிலம் பலமாகக் குலுங்கிக் கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு என்று பாட்டிமார் தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். 2004இல் நிலம் குலுங்கியதும் ‘ஸ்மோங்’ என்ற குரல் ஊர் ஊராகப் பரவியது. அத்தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 78,000. இறந்தவர்கள் ஏழே பேர். பினாங்கின் பாட்டிமார்களுக்கு அப்படியொரு கதை தெரிந்திருக்கவில்லை. அவர்கள் அறிந்த காலத்தில் இந்தக் கரைக்கு அப்படியோர் அலை வந்ததில்லை.

இப்போது தெரியும். இந்தியப் பெருங்கடலுக்கான எச்சரிக்கை ஏற்பாடு 2006ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. மலேசிய வானிலை ஆய்வுத் துறையும் தேசிய எச்சரிக்கை மையம் ஒன்றை அமைத்தது. கடலில் மிதவைகளும் கரையில் நீர்மட்ட அளவிகளும் அபாயச் சங்குகளும் வந்தன.

2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாள், புதன்கிழமை, மாலை 4.38 மணிக்குச் சுமத்ராவுக்கு மேற்கே கடலடியில் மீண்டும் நிலம் நடுங்கியது. அளவு 8.6. பினாங்கின் அடுக்குமாடிகள் மீண்டும் அசைந்தன. இம்முறை எச்சரிக்கை அலைக்கு முன்பே வந்தது. கரையோர மக்கள் வீடுகளை விட்டு உயரமான இடங்களுக்குச் சென்றார்கள். கடற்கரைகள் காலியாயின. அன்று புவித்தட்டுகள் மேலும் கீழுமாக நகராமல் பக்கவாட்டில் உரசி நகர்ந்ததால் கடல்நீர் பெரிதாக எழும்பவில்லை. பினாங்குக் கரையில் அலை எழுந்ததை அளவிகள்தாம் கண்டன. இரவில் எச்சரிக்கை விலக்கப்பட்டதும் மக்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.